வன்னி நகரத்தில் ஒரு காதல், ஒரு கொலை: முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு

கிளிநொச்சியில் இருந்துகொண்டு நகரத்துக் குற்ற நாவல் ஒன்று எழுதப்போகிறேன் என்றதும் சின்னம்மா கேட்டா: “எந்த நகரம் மோனை?” அவவைக் குறை சொல்ல ஏலாது. மாவட்டத்தின் தலைநகர் என்றாலும் நிர்வாகக் கணக்கில் இந்த ஊர் இன்றைக்கும் கரைச்சிப் பிரதேச சபைக்குள்தான் கிடக்கிறது. நீட்டுக்கு ஒரு வீதி, அதன் இரண்டு பக்கமும் வங்கி, பாமசி, சாப்பாட்டுக்கடை. கடைகளுக்குப் பின்னால் கொஞ்சம் நடந்தால் வயல். இதற்குள் இருண்ட சந்து ஏது, மாடிக் குடியிருப்பு ஏது, ஆளை ஆள் தெரியாத கூட்டம் ஏது?

முதலில் நான் எழுதின அறுபது பக்கமும் இந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் எழுதினது. சினிமாவில் பார்த்த சந்து, சினிமாவில் பார்த்த தாதா, சென்னைப் பேச்சு. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன். இரண்டு பகைக் குடும்பம், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் காதல், நடுவில் ஒரு கொலை என்று வன்னியை வைத்து எழுத வெளிக்கிடுகிறவர்கள் அந்த அறுபது பக்கத்தையாவது மிச்சம் பிடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதற்படி: நகரத்தைக் காலால் அளவுங்கள்

ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு கரடிப்போக்குச் சந்தியில் இருந்து டிப்போச் சந்தி வரைக்கும் நடவுங்கள். ஒரே நாளில் மூன்று தரம்: விடிய ஐந்து மணிக்கு, பள்ளிக்கூடம் விடுகிற நேரம், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு. கடைகளின் பெயர்களை எழுதவேண்டாம், அவை மாறும். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதை எழுதுங்கள். ஒரு பெட்டை ஓட்டோவில் இருந்து இறங்கினால் எத்தனை தலை திரும்புகிறது, அதில் எந்தத் தலை போனை எடுக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது நடையில் எனக்கு ஒன்று பிடிபட்டது. பெருநகரத்துக் குற்றக் கதையில் வாசகரை இழுத்துக்கொண்டு போவது ‘யார் செய்தது’ என்ற கேள்வி. இங்கே அது நிற்காது. இரவு நடந்தது காலைத் தேத்தண்ணிக்கு முன்னமே தேத்தண்ணிக்கடைக்குத் தெரிந்துவிடும். “ஆற்றை மகன்?” என்று இரண்டு பேர் கேட்டால் மூன்றாவது ஆள் பாட்டன் பேரோடு சொல்லுவார். ஆனால் அதையே பொலிஸில் சொல்லச் சொன்னால் ஒருத்தரும் அந்தப் பக்கம் போகவில்லை, ஒருத்தரும் காணவில்லை. ஆகவே உங்கள் முடிச்சை ‘யார் வாய் திறப்பார்’ என்பதில் போடுங்கள். இந்தக் கட்டுரையில் இனி வருகிறதெல்லாம் அந்த முடிச்சைச் சுற்றித்தான்.

இரண்டாவது நகரமும் ஒன்று தேவை. வவுனியா அதற்கென்றே இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். தமிழும் சிங்களமும் முஸ்லிம் கடைக்காரரின் பேச்சும் ஒரே வீதியில் கலந்து ஓடுகிற ஊர். குருமன்காட்டில் இறங்கி நடந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த பஸ்ஸில் ஒன்றுவிட்ட அண்ணன் வந்து இறங்கும் வரைக்கும்.

இரண்டாம் படி: பகையைக் காணிக் கந்தோரில் தேடுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். ‘இரண்டு குடும்பங்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். வன்னியில் அந்தத் தலைமுறைகளை விரல் மடித்து எண்ணலாம். குளத்துக் குடியேற்றங்களுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தும் தீவுப்பகுதியில் இருந்தும் வந்தவர்கள், மத்திய வகுப்புத் திட்டத்தில் வந்தவர்கள், படித்த வாலிபர் திட்டத்தில் வந்தவர்கள், 1958, 1977, 1983 கலவரங்களில் மலையகத்தை விட்டு ஓடிவந்து காடு வெட்டினவர்கள், எல்லாருக்கும் முன்னமே இருந்த வன்னிச் சனம். யார் எந்த வருசம் வந்தார், எந்தக் கடுதாசியோடு வந்தார் என்பதுதான் பகையின் வேர்.

கடுதாசி என்றால் பெர்மிட். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசாங்கம் கொடுத்த காணியை நினைத்தபடி விற்கமுடியாது, துண்டு போடமுடியாது. தனக்குப் பிறகு யாருக்கு என்று பின்னுரித்தாளரின் பெயரைப் பதியவேண்டும். பதியாமல் பெர்மிட்காரர் கண்ணை மூடினால் ஆண்பிள்ளைக்குத்தான் முன்னுரிமை என்று நெடுங்காலம் இருந்தது. 2022 திருத்தம் வந்தபிறகுதான் ஆண், பெண் வித்தியாசம் எடுபட்டது. இதற்கு மேல் யுத்தத்தைப் போடுங்கள். இடம்பெயர்ந்து போன குடும்பத்தின் காணியில் வேறொரு குடும்பம் பல வருசம் இருந்து, கிணறு வெட்டி, தென்னை வைத்துக் காய் பறித்திருக்கும். மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தபோது ஒருவர் கையில் 1960களின் பெர்மிட், மற்றவர் கையில் அந்தக் கிணற்றின் தண்ணீர். யார் சரி? என் நாவலில் இரண்டு பேரும் சரி. இரண்டு பேரும் சரியாக இருக்கிற பகைதான் இருநூறு பக்கம் தாங்கும்.

எனக்கு வாய்த்த குடும்பங்கள் இப்படி. அவன் பக்கம் வயலும் சிறு நெல் ஆலையும், வாய்க்கால் முறை தவறினால் மண்வெட்டியோடு இறங்குகிற தகப்பன். இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்குத் தண்ணீர் எல்லாருக்கும் வராது, இருக்கிற தண்ணீரைப் பார்த்துப் பங்கு போடுவார்கள். அந்தக் கூட்டங்களில் ஒருநாள் போய் இருந்து பாருங்கள், பத்து அத்தியாயத்துக்குச் சரக்கு கிடைக்கும். அவள் பக்கம் 1977க்குப் பிறகு வந்த மலையகக் குடும்பம். கூலி வேலையில் தொடங்கி ஒரு உழவு இயந்திரம், பிறகு இரண்டு டிப்பர். பகையின் மேற்பூச்சு காணி. அடியில் கிடப்பதை வன்னியில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், கல்யாணப் பேச்சு வரும்போது மட்டும் தலை தூக்கும்: “அவையள் எங்கடை ஆக்களோ?” இந்த ஒரு வசனத்தை எழுத உங்களுக்குக் கை கூசினால் இந்த நாவலைத் தொடாதீர்கள்.

பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற இணக்க சபையை மறந்துவிடாதீர்கள். 1988இல் வந்த சட்டத்தின் கீழ் இயங்குகிற அந்தச் சபையில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடக் கதிரையில் இரண்டு தகப்பன்மாரும் முழங்கால் இடிபட இருக்கிற காட்சி வாள்வெட்டுக் காட்சியைவிடப் பயங்கரமானது.

மூன்றாம் படி: வயதுக் கணக்கு

சின்ன வேலைதான், ஆனால் முதலே செய்யுங்கள். ஒரு தாளில் ஆண்டுகளை எழுதி ஒவ்வொருவரின் வயதையும் நேரே போடுங்கள். கதை 2019இல் என்றால் 19 வயதுப் பெட்டை 2000இல் பிறந்தவள். 2009 மே மாதத்தில் அவளுக்கு எட்டு அல்லது ஒன்பது. 22 வயதுப் பெடியனுக்கு அப்போது 11 அல்லது 12. இரண்டு பேருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கும், இரண்டு பேரும் அதைப்பற்றிக் கதைக்கமாட்டார்கள். அவளுடைய அம்மம்மா 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கின காணாமல் ஆக்கப்பட்டோரின் போராட்டத்தில் இருப்பவவா? அப்படியானால் வீட்டில் மதியச் சமையல் யாருடையது? யுத்தத்தை இப்படித்தான் கொண்டுவாருங்கள், சமையலுக்குள்ளால். மூன்று பக்க வரலாற்று விளக்கம் எங்கள் வாசகர்களுக்குத் தேவையில்லை.

சட்டமும் வயதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பொதுச் சட்டத்தின் கீழ் கல்யாண வயது 1995இல் இருந்து 18. பதினாறு நிரம்பாத பெண்பிள்ளை என்றால் அவளுடைய சம்மதம் கணக்கில் வராது, பெடியன் நேரே குற்றவாளிக் கூண்டுக்குப் போவான். பதினேழு என்றால் நடுவில் தொங்குவாள்: பதிவும் எழுதமுடியாது, வீட்டிலும் இருக்கமுடியாது. எந்த வயதைத் தெரிகிறீர்களோ அதுவே உங்கள் கதையின் பாதியைத் தீர்மானித்துவிடும்.

நான்காம் படி: காதலுக்குப் பழைய துறைகளைத் திறவுங்கள்

காதலர் கதையின் கட்டுக்கோப்பைத் தேடி வெளிநாட்டுத் திரைக்கதைப் புத்தகங்களைப் புரட்டினேன். பிறகுதான் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அகத்துறைகள் ஞாபகம் வந்தன. பகற்குறி, இரவுக்குறி, அலர், இற்செறிப்பு, நொதுமலர் வரைவு, அறத்தொடு நிற்றல், உடன்போக்கு. ஒழுங்கைப் பாருங்கள்: சந்திக்கிறார்கள், ஊர் கதைக்கிறது, வீட்டுக்குள் அடைக்கிறார்கள், அந்நியர் பெண் கேட்டு வருகிறார்கள், தோழி உண்மையைச் சொல்லுகிறாள், ஓடிப்போகிறார்கள். ஒரு நாவலின் முதுகெலும்பு ஆயத்தமாகக் கிடக்கிறது.

பகற்குறி ரியூசன் வகுப்பு விட்டு வருகிற இருபது நிமிடம். இரவுக்குறிக்கு வாய்க்கால் கட்டுத் தேவையில்லை, போன் போதும். ஆனால் போனுக்கு வெளிச்சம் இருக்கிறது, போர்வைக்குள்ளால் தெரியும். அலர் ஒரு வாட்ஸ்அப் குறூப். நொதுமலர் வரைவு கனடாவில் இருந்து ஸ்பொன்சரோடு வருகிறது. தோழியின் இடம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ‘யார் வாய் திறப்பார்’ என்று முடிச்சுப் போட்டோமே, அகத்துறையில் வாய் திறக்கிறவள் அவள்தான். காதலைக் காப்பாற்ற அவள் சொல்லுகிற உண்மையே கொலைக்கு வழி விட்டால் என்ன என்று ஒரு இரவு தோன்றியது. அன்றைக்கு நான் நித்திரை கொள்ளவில்லை.

புறத்திலும் ஒன்று இருக்கிறது, மகட்பாற் காஞ்சி. பெண் கேட்டு வந்த வேந்தனுக்குத் தகப்பன் மறுக்க, ஊரே அழியப்போகிறது என்று புலவர் கவலைப்படுகிற துறை. வேந்தன் இருந்த இடத்தில் டிப்பர் முதலாளி ஒருவனை இருத்திப் பாருங்கள்.

ஐந்தாம் படி: குற்றம் பிழைப்பில் இருந்து வரவேண்டும்

வன்னியில் என்ன குற்றம் நடக்கிறது? பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தை ஒரு மாதம் வெட்டி ஒட்டினாலே தெரியும்: அனுமதி இல்லாத மணல், முதிரையும் பாலையும் அறுத்துக் கடத்துவது, மாடு கடத்துவது, கசிப்பு, கேரளக் கஞ்சா, இப்போது ஐஸ் என்கிற போதைப்பொருள், மோட்டார் சைக்கிளில் வந்து வாளால் வெட்டிவிட்டுப் போவது. எல்லாவற்றையும் ஒரே நாவலில் திணிக்காதீர்கள். ஒன்றை எடுத்து அதன் வேலைமுறையை அடிவரைக்கும் படியுங்கள். நான் மணலை எடுத்தேன்.

மணலுக்கு அளவு கியூப். ஒரு கியூப் என்றால் நூறு கன அடி. உழவு இயந்திரப் பெட்டி, டிப்பர் எல்லாவற்றையும் கியூபில்தான் பேசுவார்கள். அகழ்வதற்கு ஒரு அனுமதி, ஏற்றிக்கொண்டு போவதற்கு இன்னொன்று. ஒரு அனுமதியை வைத்து ஒரு நாளில் எத்தனை தரம் ஓடுகிறார்கள் என்பதில்தான் களவு. முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் ‘வழி பார்த்துக்கொண்டு’ போகும். எதிரே ஜீப் வந்தால் போனில் ஒரு அடி, எடுக்கத் தேவையில்லை.

இனி ஒரு விசயத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஆற்றில் இருந்து அள்ளின மணல் ஈரமாக இருக்கும். தார்ப்பாய் போட்டு மூடினாலும் பின்கதவின் இடுக்கால் தண்ணீர் ஒழுகும். கல்லாற்றுப் பக்கம் ஏற்றின லோட் தருமபுரம் தாண்டி, முரசுமோட்டை தாண்டிப் பரந்தன் சந்திக்கு வரும்போது முல்லைத்தீவு வீதியின் தாரில் ஒரு கறுத்த கோடு இழுபட்டுக்கொண்டே வரும். சந்தியில் பிறேக் போட்ட இடத்தில் கோடு அகன்று ஒரு தட்டு அளவுக்குத் திட்டாகும். பிறகு இடக்கைப் பக்கம் வளைந்து, பெரிய வீதியை விட்டு இறங்கி, ஒரு வளவுக் கேற்றடியில் நிற்கும். என் நாவலில் பெடியன் விடியப்பறம் மூன்றரை மணிக்கு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் போகிறான். முடிவில் நிற்பது அவளுடைய வீட்டுக் கேற். உள்ளே கொட்டின மணலுக்குள் என்ன கிடந்தது என்பதை இங்கே சொல்லமாட்டேன், இன்னும் சில பிரதி விற்காமல் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. உண்மையில் இருக்கிற ஆளின் பட்டப்பெயரைப் பாத்திரத்துக்கு வைக்காதீர்கள். நான் ஒரு சிறுகதையில் வைத்தேன். ஒருநாள் பின்னேரம் ஒருவர் வந்து படலையடியில் நின்றார், கோபப்படவில்லை, தேத்தண்ணி கூடக் குடித்தார். “தம்பி நல்லா எழுதுறீர்” என்றார். அவ்வளவுதான். நான் மூன்று மாதம் மாலை ஆறு மணிக்குப் பிறகு வெளியே போகவில்லை.

ஆறாம் படி: பொலிஸும் நீதிமன்றமும்

சினிமாவில் பார்த்ததை இங்கேயும் மறக்கவேண்டும். சடலம் கண்டெடுத்தால் ஒழுங்கு ஏறத்தாழ இப்படி: பொலிஸார், திடீர் மரண விசாரணை அதிகாரி, கொலைச் சந்தேகம் என்றால் நீதவான் நேரில் வந்து பார்ப்பார், சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை, பிறகு சடலம் உறவினரிடம். கைதான ஆளைச் சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும். நீதவான் விளக்கமறியல் போடுவார், 14 நாள், பிறகு இன்னொரு 14 நாள். கொலை வழக்கில் பிணைக்கு மேல் நீதிமன்றம் போகவேண்டும். மரண தண்டனை இன்றைக்கும் விதிக்கப்படுகிறது, ஆனால் 1976க்குப் பிறகு ஒருவரையும் தூக்கிலிடவில்லை. கடைசி அத்தியாயத்தில் தூக்குக் கயிறு வைக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

வழக்கு வருசக்கணக்கில் இழுபடும். அதைக் குறையாக நினைக்காதீர்கள், நாவலுக்கு அது வரம். நான் அத்தியாயங்களுக்குத் தவணைத் திகதிகளையே தலைப்பாக வைத்தேன். ஒவ்வொரு தவணைக்கும் இரண்டு குடும்பமும் ஒரே மரநிழலில் நிற்கவேண்டி இருக்கிறது. சாட்சிகள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள்: ஒருவர் பிரான்சுக்குப் போய்விட்டார், ஒருவருக்குத் திடீரென்று ஞாபகமறதி.

வாக்குமூலத்தை எழுதுகிற மொழியையும் யோசியுங்கள். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, விளங்காமலே கையெழுத்து வைத்துவிட்டு வருகிற கதைகள் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. தோழி வாய் திறந்து சொன்ன ஒரு சொல் மொழி மாறினபோது வேறாகிவிட்டது என்றால்? திறந்த மன்றில் போய் இருந்து கேட்பதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள். போனை நிற்பாட்டிவிட்டு, சேட்டை உள்ளே விட்டுக்கொண்டு, பின்வாங்கில் இருங்கள். எழுதி முடித்தபிறகு ஒரு சட்டத்தரணியிடம் அந்தப் பக்கங்களை மட்டும் காட்டுங்கள். என் பிரதி சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது.

ஏழாம் படி: பேச்சு

சில வசனங்கள் போதும். அவன் கேட்கிறான்:

“நாளைக்கு வவுனியாவுக்கு வாறியே?”

“வாறன். ஆனா அண்ணா டிப்போச் சந்தியில நிப்பான்.”

வெளியில் அவள் பேசுகிறது அவனுடைய பேச்சு, பள்ளிக்கூடத்தில் பழகினது. வீட்டுக்குள் போனதும் மலையகப் பேச்சில் “இந்தா வாரேம்மா” என்பாள். ‘வாறன்’, ‘வாரேன்’ இரண்டுக்கும் நடுவில்தான் கதை முழுக்கக் கிடக்கிறது. பயந்துபோன ஒரு இரவில் போனில் அவளையும் மீறி “சீக்கிரம் வந்துருங்க” என்றுவிடுகிறாள். போனை எடுத்தது அவனல்ல, அவனுடைய அம்மா. அந்த ஒரு சொல்லில் அம்மாவுக்கு எந்த வீட்டுப் பெட்டை என்று விளங்கிவிடுகிறது. அந்த அத்தியாயத்தில் வேறு ஒன்றும் நடக்காது, நடக்கவும் தேவையில்லை.

கதை சொல்லுகிற நடையை எழுத்துத் தமிழில் வையுங்கள். உரையாடல் மட்டும் ஊர்ப்பேச்சு. முழுவதையும் பேச்சில் எழுதினால் நாற்பதாம் பக்கத்தில் உங்களுக்கே மூச்சு வாங்கும்.

எட்டாம் படி: எழுதுவதும் காட்டுவதும்

இதில் சொல்ல அதிகம் இல்லை. நாளுக்கு ஒரு பக்கம், கரண்ட் இல்லாவிட்டாலும் கையால். கொலை நடந்த அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள், தொடக்கத்தைக் கடைசியில். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்குகிறவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். அவருடைய கவரில்தான் மண்டப வாடகை இருக்கிறது.

அச்சுக்குப் போகமுன் மூன்று பேரிடம் கொடுங்கள்: கதை வாசிக்கிற பெண்மணி ஒருவர், சட்டம் தெரிந்த ஒருவர், அந்தத் தொழில் செய்கிற ஒருவர். மூன்றாவது ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். மணலைப் பற்றி நான் போய்க் கேட்டபோது ஒரு டிப்பர் சாரதி கையை விரித்தார், தனக்கு ஒன்றும் தெரியாதாம், தான் கல்லுத்தான் ஏற்றுகிறாராம். புத்தகம் வந்து இரண்டு மாதத்தில் அதே ஆள் வாகனத்தை வீதிக்கரையில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

“அண்ணை, அந்தத் தண்ணிக் கோடு பிழை.”

“ஏன்?”

“நீங்கள் எழுதினது ஓகஸ்ட் மாதம். சோளகக் காத்து அடிக்கிற நேரம் முரசுமோட்டை தாண்டமுன்னம் தண்ணி காஞ்சிடும். பரந்தன் சந்தியில கோடு இராது. வளவுக்கு இறங்குற திருப்பத்தில பெட்டி ஆடும், அதில மணல் கொஞ்சம் சிந்தும். அதைத்தான் பெடியன் பாத்திருப்பான்.”

எத்தனை கைப்பிடி சிந்தும் என்று கேட்டேன். குனிந்து, வீதிக்கரை மண்ணை அள்ளி, என் கையில் போட்டுக் காட்டினார்.